குட்டைக் கோதுமை மரபணு மாற்றுப் பயிர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் சப்பாத்தியும் சர்க்கரை நோயும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சர்க்கரை நோயைப் பற்றி நான் பேச வரவில்லை, அது டாக்டர்கள் விஷயம். ஆனால் நடுவில், 'பசுமைப் புரட்சியில் வந்த குட்டைக் கோதுமை ஆய்வகத்தில் மரபணு மாற்றப்பட்டது' என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் அந்தப் பக்கத்தை நறுக்கிக்கொண்டு மூன்று பேர் என் மில்லுக்கு வந்துவிட்டார்கள். "இதைத்தான் இத்தனை நாளா அரைச்சுக் குடுத்தீங்களாக்கா?" என்று கேட்டார்கள். ஒரு அம்மா ரேஷனில் வாங்கிய கோதுமையை அரைக்காமலே திருப்பி எடுத்துப் போனார்.

தண்டையார்பேட்டையில் 31 வருடமாக மாவு மில் நடத்துகிறேன். எடையில் குறை சொன்னவர்கள் உண்டு. விஷம் கொடுத்தாய் என்கிற மாதிரி யாரும் என் முகத்தைப் பார்த்ததில்லை.

உங்களுக்குத் தெரியாததா? வெளியிலிருந்து ஒரு மரபணுவை எடுத்துப் பயிருக்குள் புகுத்துவதுதான் மரபணு மாற்றம். நம் நாட்டில் அப்படி 2002-ல் அனுமதி பெற்று விவசாயி கைக்கு வந்தது பருத்தி. கோதுமையில் அப்படி ஒரு ரகமும் இங்கே சாகுபடிக்கு வரவில்லை. குட்டைக் கோதுமையின் வழியே வேறு. அந்தக் குட்டைத்தனம் ஜப்பானின் பழைய ரகங்களில் தானாகவே இருந்தது. அங்கே 1935-ல் வெளியான நோரின் 10 ரகத்தின் விதை போருக்குப் பிறகு அமெரிக்காவுக்குப் போய், பிறகு மெக்சிகோவில் அமெரிக்கப் பயிர் விஞ்ஞானி நார்மன் போர்லாக் கைக்கு வந்தது. கதிருக்குக் கதிர் மகரந்தம் சேர்த்து, வருஷக்கணக்கில் விதைத்து, ஆயிரமாயிரம் செடிகளில் தேறியதைப் பொறுக்கினார்கள். நெட்டைக் கோதுமைக்கு உரம் கூடினால் பயிர் சாய்ந்துவிடும். குட்டை நின்றது. தாளுக்குப் போன சத்து மணிக்குப் போயிற்று. 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை வந்த கதையை உங்கள் பத்திரிகையிலேயே நான் படித்திருக்கிறேன்.

அதற்கு முந்தைய கதை எங்கள் வீட்டில் உண்டு. என் மாமனார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அமெரிக்கக் கோதுமைக் கப்பல் வருகிற நாட்களில் ராத்திரி பகல் என்று பாராமல் இறக்கியிருக்கிறார். "கப்பல் வரலேன்னா ஊர் பட்டினி" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நிலையை மாற்றியவர்களில் ஒருவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். 2023 செப்டம்பரில் அவர் சென்னையில் மறைந்தபோது நீங்கள் போட்ட முழுப் பக்கத்தை நான் பீரோவில் வைத்திருக்கிறேன். அவர் வாழ்நாள் உழைப்பை இப்படி ஒற்றை வரியில் கொச்சைப்படுத்த உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

என் மகள் விவசாயக் கல்லூரியில் பயிர்ப் பெருக்கமும் மரபியலும் முதுகலை படித்தவள். ஒரு மே மாத விடுமுறையில், மில்லுக்கு வந்த இரண்டு மூட்டைகளிலிருந்து ஆளுக்கொரு பிடி வாங்கி, எவர்சில்வர் தட்டில் பரப்பி, பழைய கல்யாணப் பத்திரிகைத் துண்டால் ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணினாள். இப்படி இருநூறு தடவை தள்ளினால் ஆயிரம் மணி. நகைப் பட்டறைத் தராசில் வைத்தால் ஒன்று 33 கிராம், இன்னொன்று 44. என் கண்ணுக்கு இரண்டும் ஒரே கோதுமைதான்.

அன்று அவள் சொன்னது: "விளைச்சல் ஒரே குணம் இல்லம்மா. சதுர மீட்டருக்கு எத்தனை கதிர், கதிருக்கு எத்தனை மணி, மணி என்ன எடை, மூணும் சேர்ந்தது. கதிர்ல மணி கூடினா மணி சிறுத்துடும். மணி எடை பெரும்பாலும் தாய் தகப்பன் வழியா வரும். அடியிலேர்ந்து பக்கத் தண்டு, அதான் தூர், எத்தனை கட்டும்ங்கிறது மண்ணு, தண்ணி, விதைச்ச தேதி எல்லாத்தையும் பொறுத்தது." அதனால்தான் ஒரு ரகத்தைப் பல ஊர்களில், பல வருஷம் விதைத்துப் பார்த்த பிறகே வெளியிடுகிறார்கள். "எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருந்தா எதைன்னு பொறுக்கறது?" என்றும் கேட்டாள். அந்த வேறுபாட்டைத் தேடி வெயிலில் ஸ்கேலும் நோட்டுமாக அலைகிற பிள்ளைகளுடைய வேலையைத்தான் உங்கள் கட்டுரை ஆய்வகச் சூழ்ச்சி போல எழுதிவிட்டது.

பயப்பட வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது. இங்கிலாந்தில் வாட்கின்ஸ் என்பவர் சுமார் நூறு வருஷத்துக்கு முன் 32 நாடுகளிலிருந்து திரட்டிய நாட்டுக் கோதுமைகளில் 827-ஐ ஆராய்ந்து 2024-ல் முடிவு வெளியிட்டார்கள். அவற்றில் ஏழு மூதாதைக் குழுக்கள் இருந்தன. இன்றைய ரகங்கள் அவற்றில் இரண்டை மட்டுமே பெரிதும் சார்ந்திருக்கின்றன. மீதி ஐந்தில் வெயில் தாங்கும் குணமும் நோய் தாங்கும் குணமும் எவ்வளவு கிடக்கின்றனவோ! 2022 மார்ச்சில் வடக்கே மணி பால் பிடிக்கிற நேரத்தில் வெயில் கொளுத்தியது. பஞ்சாப், ஹரியானா கொள்முதலில் சுருங்கிய மணிக்கான வரம்பை 6 சதவீதத்திலிருந்து 18 ஆக்கினார்கள். மே மாதம் ஏற்றுமதியையும் நிறுத்தினார்கள். மணி சுருங்கினால் மாவு குறையும், தவிடு கூடும். அந்த வருஷம் என் மில்லில் அரைத்த மாவை வீட்டில் சலித்தவர்கள், தவிடு இவ்வளவு நிற்கிறதே, மாவை எடுத்துக்கொண்டாயா என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். இதை எழுதலாமே?

கோதுமை வடநாட்டுச் சமாச்சாரம் என்று நினைப்பதால்தான் இந்த அலட்சியம். நீலகிரி வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பயிரில் துருப்பிடித்தது போலப் படரும் பூஞ்சை நோயான துரு நோயைத் தாங்கும் ரகங்களுக்காக அங்கே பல காலமாக உழைக்கிறார்கள். போன வருடம் சம்பா கோதுமை என்று வாற்கோதுமை, அதாவது பார்லி, படத்தைப் போட்டீர்கள். இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்றும் வரவில்லை. எண்ணெய் கசிந்தால் எண்ணூர், வெட்டுக்குத்து என்றால் வியாசர்பாடி. மற்ற நாளில் எங்கள் பக்கம் உங்கள் கண்ணில் படுவதில்லை. இந்த முறை அலுவலகத்துக்கே போன் செய்தேன். எடுத்தவர், "மாவு மில்லா? இதுக்கெல்லாம் விஞ்ஞானிங்க இருக்காங்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். 22 வருடமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறேன். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வருகிற ஞாயிறு, அதே இணைப்பில், அதே பக்கத்தில், இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். நறுக்கி எடை மெஷினுக்கு மேலே ஒட்ட வேண்டும், என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடி போடாமல்தான் வருகிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை.