வாவில் தேடு

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போன வெள்ளிக்கிழமை பேசும்போது, துபாய் பஸ்ஸில் எழுதியிருக்கும் 'முவாஸலாத்' என்றால் என்ன என்று கேட்டாய். போக்குவரத்து என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. முப்பது வருஷம் மதரஸாவில் பாடம் எடுத்தவன், பெற்ற பிள்ளை கேட்டதற்கு இவ்வளவுதானா சொல்வது? அதற்காகத்தான் இந்தக் கடிதம். வேறு காரணம் ஒன்றுமில்லை.

அதன் வேர் வாவ், ஸாத், லாம் என்ற மூன்று அரபி எழுத்து. வஸல. நம் 'சேர்' மாதிரிதான். இரண்டு கயிறு ஒன்றானாலும் சேர்ந்தது என்கிறோம், நீ அனுப்பும் பணம் கைக்கு வந்தாலும் சேர்ந்தது என்கிறோம். அரபியிலும் இரண்டுக்கும் ஒரே வேர். வுஸூல் என்றால் வந்து சேர்வது. அதுதான் உருது வழியாக நம் கடைத்தெருவுக்கு வந்து வசூல் ஆனது. இத்திஸால் என்றால் தொடர்பு. அதன் பன்மையைத்தான் அங்கே டெலிபோன் கம்பெனிக்குப் பெயராக வைத்தார்கள். ஈராக்கில் இருக்கும் மோசூல், அரபியில் அல்மவ்ஸில், சேரும் இடம். நெருங்கும் வழி என்ற வஸீலா மட்டும் வேறு வேர், அதில் ஸாதுக்குப் பதில் வருவது ஸீன் என்ற எழுத்து. தமிழில் எழுதினால் ஸாதும் ஸீனும் ஒன்றாகிவிடும், ஏமாந்துவிடாதே.

பத்து வயசில் இதே வேரில் வரும் 'ஸிலா'வை அரபி அகராதியில் ஸாத் பக்கத்திலேயே தேடிவிட்டு, இல்லையென்று அழுதாயே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு மூத்தவன், காக்காதான் வாவ் பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். வேரின் முதலில் இருக்கும் வாவ் உதிர்ந்துவிடும், அதற்கு ஈடாகக் கடைசியில் தா மர்பூதா என்ற எழுத்து வந்து உட்காரும் என்று அவன் சொல்லித்தான் உனக்குப் புரிந்தது. நான் சொன்னபோது புரியவில்லை.

ஸிலத்துர் ரஹிம், உறவைச் சேர்த்து வாழ்வது. பதிலுக்குப் பதில் செய்கிறவன் வாஸில் இல்லை, அறுந்த உறவைச் சேர்க்கிறவன்தான் வாஸில் என்று நபிமொழித் தொகுப்பான புகாரியில் வருகிற ஹதீஸ் உனக்கு மனப்பாடம். ஆண்டு விழாவில் ஓதிப் பரிசு வாங்கினாய். அந்தத் தட்டை உம்மா இன்னும் யாருக்கும் எடுத்துக்கொடுப்பதில்லை. ஓதியவனுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டுமா?

உன் மூத்தவள் ராத்தா கல்யாணத்தில் நடந்ததை நான் கிளறவில்லை. காக்கா பேசியது தப்புதான். நீ சாப்பிடாமல் எழுந்து போனதும் சரியில்லை. சரி, விடு. நேரத்துக்குச் சாப்பிடு. இரவு ஷிஃப்ட் என்றால் வெறும் டீயோடு படுக்காதே.

என் தம்பி, உன் சாச்சா, என்னிடம் கடைக்காக வாங்கிய பணம் உனக்குத் தெரியும். ஆள் விட்டுக் கேட்டேன், நானும் நாலு பேர் முன்னால் கேட்டேன். கடைசித் தவணையை மணியார்டரில் அனுப்பினான். அடுத்த தெருவில் இருந்துகொண்டு மணியார்டர். கூப்பனில் இரண்டு வரி எழுத இடம் இருக்குமே, அது வெறுமையாக இருந்தது. தபால்காரர் நோட்டை எண்ணி வைத்தார், கையெழுத்துப் போட்டேன். முழுசும் வசூலாகிவிட்டது என்று உன் உம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவன் நம் வாசல்படி மிதிக்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. ஜும்ஆ தொழுகையில் அவன் எந்த ஸஃப் வரிசையில் நிற்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் நான் இடம் பிடிக்கிறேன். அப்படியே வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு அந்த ஹதீஸையும் ஓதிக்கொடுத்திருக்கிறேன்.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு போகலாமென்று சட்டையை மாட்டினேன். தூறல் விழுந்தது. குடை இருந்தது, இருந்தாலும் போகவில்லை.

உம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. காக்கா நம்பர் மாறிவிட்டது, புது நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

வஸ்ஸலாம்,
வாப்பா