வார்டு இன்சார்ஜ் ஆன மகளுக்கு

அன்புள்ள மலர்,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பொரிந்து தள்ளியதை எல்லாம் கேட்டுக்கொண்டேன், அப்போது பதில் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் வாக்குவாதத்தில்தான் போய் நின்றிருக்கும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். "எல்லாத்தையும் நானே செஞ்சு காட்டுறேன் அம்மா, ஒருத்தியும் என்னைப் பார்த்து மாற மாட்டேங்குறா" என்றாய். பார்க்கிறார்கள், மலர். நீ இன்சார்ஜ் ஆன நாளிலிருந்து உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீ காட்ட நினைப்பதைத்தான் பார்க்கிறார்களா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

நான் சர்ஜரி வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தபோது எங்கள் யூனிட்டுக்கு ஒரு சீஃப் இருந்தார். பேச்சே கிடையாது, சிரிப்பும் அபூர்வம். காலை ரவுண்ட்ஸுக்கு வந்ததும் வாட்சையும் மோதிரத்தையும் கழற்றிப் பையில் போடுவார், சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டுவார், வார்டு மூலையில் இருந்த குழாயடிக்கு நடப்பார். முக்கால்வாசி நாள் குழாயில் தண்ணீர் வராது, வாளியும் மக்கும்தான், ஆயா ஊற்றுவார். விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு என்று ஒன்று விடாமல் தேய்த்துக் கழுவிவிட்டு முதல் கட்டிலுக்கு வருவார், கட்டைப் பிரித்துப் புண்ணைப் பார்ப்பார், அடுத்த கட்டிலுக்குப் போகும் முன் மறுபடியும் குழாயடி. ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகள் கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நெளிவார்கள். அவ்வளவு பெரிய மனுஷர் குனிந்து கை கழுவும்போது பக்கத்தில் சும்மா நிற்க எத்தனை நாள்தான் முடியும்? முதலில் ஒருவன் போய் அவர் பின்னால் நின்றான், அப்புறம் எல்லோரும் வரிசையில் வந்துவிட்டார்கள். "கை கழுவினாயா" என்று அவர் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அவர் மாற்றலாகிப் போன பிறகு வந்தவர் கைராசிக்காரர் என்று பெயர் வாங்கியவர், நோயாளிகளிடம் தோளில் தட்டிப் பேசுவார், எங்களுக்கும் அவரைப் பிடித்திருந்தது. ஆனால் அவசரக்காரர். கட்டிலுக்குக் கட்டில் அப்படியே தொட்டுக்கொண்டே போய்விடுவார். அதே பிள்ளைகள், அதே வாளி, அதே மக். கொஞ்ச நாளில் குழாயடியில் இருந்த சோப்பு காய்ந்து வெடிப்பு விட்டுக் கிடந்தது. கை கழுவச் சொல்லி மேலிடத்திலிருந்து சர்க்குலர் வந்தது, அதைக் குழாய்க்கு நேர் மேலே ஒட்டினோம், அதன் மேல் யாரோ ஒரு காலண்டரைக் கொண்டுவந்து மாட்டினார்கள்.

அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தாலும் அந்த அவசரத்தின் கணக்கும் தெரியும். ஸ்பிரிட் மருந்தைக் கையில் தேய்க்க 20 முதல் 30 விநாடி, சோப்பு போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இருபது கட்டில் ரவுண்ட்ஸில், தொடும் முன் அரை நிமிடம், தொட்ட பின் அரை நிமிடம் என்று வைத்தால் அதற்கே 20 நிமிடம் ஓடிவிடும் (வயிற்றுப்போக்குக் கிருமி உள்ள நோயாளி என்றால் ஸ்பிரிட் போதாது, சோப்பும் தண்ணீரும்தான், அது இன்னும் அதிகம்). அந்த 20 நிமிடத்தை மேலே இருப்பவர் தன் நேரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தால்தான் கீழே இருப்பவர்களுக்கு அதைச் செலவழிக்கத் தைரியம் வரும். சீஃப் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார் என்றால் ஒரு ஸ்டூடன்ட் நர்ஸ் "கொஞ்சம் இருங்க சார், கை கழுவிட்டு வரேன்" என்று சொல்வாளா? சிகாகோவில் ஒரு ஆஸ்பத்திரியில் இதைக் கவனித்து 2003ல் எழுதினார்கள், நீ படித்திருப்பாய். புதுக் கட்டடத்துக்கு மாறினார்கள், கை கழுவும் தொட்டிகள் முன்னைவிட அதிகம், அப்படியும் கழுவுவது கூடவில்லை, குறைந்தது. அறையில் மூத்தவர் ஒருவர் கழுவாமல் இருந்தால் கூட இருந்தவர்கள் கழுவுவதும் நன்றாகவே குறைந்துபோனதாம். எங்கள் குழாயடியில் நான் பார்த்ததும் அதேதான்.

இப்போது உன் வார்டுக்கு வருகிறேன். முழங்கைக்குக் கீழே வாட்ச், வளையல் எதுவும் கூடாது என்று நீ வேலை பார்க்கும் இங்கிலாந்தில் 2007ல் விதி கொண்டுவந்தார்கள். ஒரு பெண் வாட்சோடு வந்தாள், எல்லோர் முன்னாலும் அவளைக் கண்டித்தேன் என்றாய். சரி, தப்பு அவளுடையதுதான். ஆனால் உங்கள் பெரிய டாக்டர், அந்தக் கன்சல்டன்ட், முழுக்கைச் சட்டையை மடிக்காமல் கட்டில் பக்கத்தில் வந்து நின்றால் அவரிடம் என்ன சொல்வாய்? ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டு விட்டாய் என்றால், இந்த விதி கீழே இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்று அந்தப் பெண் புரிந்துகொண்டிருப்பாள். அடுத்த ரவுண்ட்ஸில் மரியாதையாக, மெதுவாக, "டாக்டர், சட்டைக்கை" என்று சொல்லிப் பார். அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. நீ யாரிடம் சொல்லப் பயப்படுகிறாய் என்பதைத்தான் அவர்கள் முதலில் கவனித்து வைத்திருப்பார்கள்.

ஸ்டாஃப் ரூமில் இன்னும் ரெண்டு நோட்டீஸ் ஒட்டப் போகிறேன் என்றாயே, வேண்டாம். நர்சிங் ஸ்கூலில் எங்களுக்கு வியன்னா டாக்டர் செம்மல்வைஸ் கதையைச் சொல்லிக் கொடுத்தார்கள். 1847ல் பிரசவ வார்டில் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார், ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டு தாய்மார் செத்துக்கொண்டிருந்த இடத்தில் ஜூனில் இரண்டு பேர் என்று ஆனது. ஆனாலும் மற்ற டாக்டர்கள் அவரை ஏற்கவில்லை. கிருமியால் நோய் வரும் என்று அப்போது டாக்டர்கள் ஏற்றுக்கொண்டிருக்கவில்லை, அது ஒரு காரணம். பிற்பாடு அவர் பெரிய பெரிய பேராசிரியர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதிக் கொலைகாரர்கள் என்று திட்டினார், கடைசியில் 1865ல் மனநோய் விடுதியில் செத்துப்போனார். நியாயம் முழுக்க அவர் பக்கம்தான். அப்படியும் திட்டு வாங்கிய ஒருத்தராவது அதற்காகக் கை கழுவியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், எங்கள் ஹெட் சிஸ்டர். கண்டிப்பானவர், அவர் வரும் செருப்புச் சத்தம் கேட்டாலே நாங்கள் எழுந்து நிற்போம். ஒரு நாள் நைட் டியூட்டியில் ஒரே பெயரில் அடுத்தடுத்த கட்டிலில் ரெண்டு பேர் படுத்திருக்க, ஒருவருக்குப் போட வேண்டிய ஆன்டிபயாட்டிக் ஊசியை மற்றவருக்குப் போட்டுவிட்டார். யாரும் பார்க்கவில்லை, அந்த நோயாளிக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் உடனே டியூட்டி டாக்டரை எழுப்பிச் சொன்னார், நோயாளியிடமும் சொன்னார், ரிப்போர்ட் புக்கில் தன் கையாலேயே எழுதினார், காலையில் அடுத்த ஷிஃப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவரில் ஸ்டூடன்ட் பிள்ளைகள் எல்லாம் நிற்கும்போது மற்ற விஷயங்களைப் படிக்கிற அதே குரலில் அதையும் படித்தார். "நைட் டியூட்டியில் இருந்த ஹெட் சிஸ்டர் பெயரை மட்டும் பார்த்து, நோயாளியின் ஐ.பி. நம்பரைப் பார்க்காமல் ஊசி போட்டார்" என்று யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வதுபோல. அழவும் இல்லை, சமாதானமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒரே பெயர்க்காரர்களை அடுத்தடுத்த கட்டிலில் போடுவதில்லை என்று வழக்கம் வந்தது.

அது முடிந்து கொஞ்ச நாளில் ஒரு ஸ்டூடன்ட் பொண்ணு வார்டுக்குள்ளிருந்து ஓடிவந்தாள், "சிஸ்டர், பொட்டாசியம் டிரிப்பை வேகமா ஓட விட்டுட்டேன்". பொட்டாசியம் வேகமாக ஏறினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இதயம் நின்றுபோகும். போய் நிறுத்தினோம், டாக்டர் வந்தார், ஆள் பிழைத்தார். அந்தப் பொண்ணு ரெண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள், திட்டு விழும் என்று நினைத்து மெதுவாக டிரிப்பைக் குறைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஓடிவந்து சொல்லலாம் என்ற தைரியம் அவளுக்கு அந்த ஹேண்டோவரில்தான் வந்தது என்று நான் இன்றும் நம்புகிறேன். நோயாளிக்குக் கேடு நேர்ந்தால் மறைக்காமல் அவரிடமே சொல்ல வேண்டும் என்று 2014ல் இங்கிலாந்தில் சட்டமே கொண்டுவந்துவிட்டார்கள். சட்டம் இருக்கட்டும். உன் வார்டில் இன்சார்ஜ் தன் தவறைத் தானே வாய்விட்டுச் சொன்னதை யாராவது இதுவரை கேட்டிருக்கிறார்களா?

அடுத்து, உனக்குக் கோபம் வரப்போகிற இடம். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடிந்த பிறகும் ஒன்றரை மணி நேரம் இருந்து வேலை பார்க்கிறேன், பிரேக் எடுப்பதே இல்லை, ஆள் குறைந்தால் படுக்கையும் நானே மாற்றுகிறேன் என்று பெருமையாகச் சொன்னாய். இதைத்தான் செய்து காட்டுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஆள் இல்லாத நாளில் படுக்கை மாற்று, பெட்பேன் எடு, அதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் கிடையாது, இன்சார்ஜ் கை அழுக்காகாத வார்டு உருப்படாது. தினமும் அதையே செய்தால்தான் வம்பு. நேரத்துக்கு வீட்டுக்குப் போகிறவள் குற்றவாளி மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு நழுவ வேண்டியிருக்கும். சாப்பிட உட்கார்ந்த பிள்ளைக்கு நீ அந்தப் பக்கம் வந்தாலே தொண்டையில் அடைக்கும். ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் 20 நிமிடம் ஓய்வு என்று உங்கள் ஊர்ச் சட்டமே சொல்கிறதே, அதை இன்சார்ஜே எடுக்காவிட்டால் வேறு யார் எடுப்பார்கள்? களைத்துப்போன நர்ஸ்தான் மருந்தை மாற்றிப் போடுவாள், அது உனக்கும் தெரியும்.

அரவிந்த் கண் ஆஸ்பத்திரி வெங்கடசாமி டாக்டர் கதையைச் சின்ன வயதில் திரும்பத் திரும்பக் கேட்பாய். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் அதற்குத் தோதாகக் கருவிகள் செய்துகொண்டு லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்தவர், கவர்ன்மென்ட் வேலையில் ஓய்வுபெற்று 1976ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியவர். அந்த விரல்களை வைத்துக்கொண்டு அவர் மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் எந்த டாக்டர் கை வலிக்கிறது என்பார்? அதை மட்டும் நீ பிடித்துக்கொண்டாய். கிராமத்துப் பெண் பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, பார்வை சோதிப்பதிலிருந்து நோயாளியை ஆபரேஷனுக்குத் தயார் செய்வது வரை அவர்களிடம் ஒப்படைத்ததும் அதே ஆஸ்பத்திரிதான். டாக்டர் டாக்டர் வேலையைப் பார்க்க முடிந்ததே அதனால்தான். எல்லாவற்றையும் அவரே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தால் அந்த 11 படுக்கையோடு நின்றிருக்கும்.

நீ என்ன செய்தாலும் மாறாத ஒன்றிரண்டு பேர் இருக்கத்தான் செய்வார்கள். எங்கள் வார்டிலும் இருந்தார்கள். அவர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசு, அதற்கும் மசியாவிட்டால் எழுத்தில் கொடு. செய்து காட்டியே திருத்துவேன் என்று அவர்கள் விட்ட வேலையையும் நீயே செய்துகொண்டிருக்காதே, அவர்களுக்கு அது வசதியாகப் போய்விடும்.

வரும் வாரம் ஒரு நாளாவது ஷிஃப்ட் முடிந்த நேரத்துக்கு எல்லோர் கண்ணிலும் படும்படி கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பு. போகும்போது ஹேண்டோவரை ஒழுங்காகக் கொடுத்துவிட்டு, அடுத்த ஷிஃப்ட் பொண்ணிடம் பொறுப்பை முழுசாக விட்டுவிட்டுப் போ, பஸ்ஸில் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் நோண்டாதே.

அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நடக்கச் சொன்னால்தான் பிடிவாதம். சாத்தூர் காராசேவு அனுப்பியிருக்கிறேன். கடலை மிட்டாய் வைக்கவில்லை, அங்கே ஒருவருக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது என்று போன தடவை சொன்னாயே. பாக்கெட்டை ஸ்டாஃப் ரூமில் பிரித்து வைத்துவிட்டு அப்படியே ஓடிவிடாதே, பிரேக்கில் நீயும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடு, வாட்ச் கட்டி வந்தாளே அந்தப் பொண்ணையும் கூப்பிடு.

அம்மா