ரத்தத்தில் மருந்து இருந்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆடு மாடுகளை வைத்து மருந்துப் பரிசோதனை செய்வதே பாவம், இப்போது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே கணக்குப் போட்டுவிடலாம் என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் மனசு புரிகிறது. ஆனால் மேச்சேரி, நங்கவள்ளி, கொளத்தூர் பக்கம் பட்டி பட்டியாகப் போய் ஊசி போட்டவன் என்ற முறையில் கொஞ்சம் மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊசி போட்ட ஆன்டிபயாட்டிக் ரத்தத்தில் எவ்வளவு ஏறியது என்பது கழுத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கிருமி உட்கார்ந்திருப்பதோ பெரும்பாலும் வேறு இடத்தில்: மூட்டில், மடியில், நுரையீரலில், தசைக்குள்ளே செல்களைச் சுற்றி ஊறிக் கிடக்கும் திசு நீரில். ரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்ட மருந்து சுலபத்தில் வெளியே வராது, ஒட்டாமல் தனியாக இருக்கும் பங்குதான் ரத்தக் குழாயைத் தாண்டித் திசுவுக்குள் போகும். ஆக, ரத்தப் பரிசோதனையில் மருந்து நிறைய இருப்பதாகக் காட்டலாம், கிருமி இருக்கும் இடத்தில் போதாமல் இருக்கலாம்.

சரி, தசையையே வெட்டி எடுத்து அரைத்துப் பார்த்தால் என்ன? அப்படித்தான் ரொம்ப நாள் பார்த்தார்கள். அரைத்தால் ரத்தம், செல், திசு நீர் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். பெனிசிலின் வகை மருந்துகள் செல்லுக்கு வெளியேதான் இருக்கும், அதனால் அவை உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். எரித்ரோமைசின், டைலோசின் மாதிரி செல்லுக்குள் போய்ச் சேரும் மருந்துகள் வேண்டாத அளவுக்கு அதிகமாகத் தெரியும். அது போக, ஊசி போட்டு இத்தனை மணி நேரத்தில் எவ்வளவு மருந்து என்று பார்க்கும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு பிராணியைக் கொல்ல வேண்டும்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் திசுக் கூண்டு. 1963-ல் ஆர்தர் கைட்டன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர், திசு நீரின் அழுத்தத்தை அளக்க நாய்களின் தோலுக்கடியில் ஓட்டை போட்ட சிறு குப்பியை வைத்தார். அதே யோசனையைப் பின்னால் மருந்து அளக்கவும் எடுத்துக்கொண்டார்கள். ஓட்டை போட்ட சிலிக்கோன் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குழாயை மயக்க மருந்து கொடுத்துத் தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிட்டால், சில வாரத்தில் புண் ஆறி, உள்ளே திசு நீர் ஊறி நிற்கும். அப்புறம் ஊசியைக் குத்தி வேண்டிய நேரத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். ஆடு பாட்டுக்குத் தீனி தின்றுகொண்டிருக்கும். இரண்டு கூண்டு வைத்தால் இன்னும் வசதி. ஒன்றை அப்படியே விட்டு, மற்றதில் கராஜீனன் (கடல்பாசியில் எடுப்பது, ஐஸ்கிரீமில்கூடச் சேர்ப்பார்கள்) செலுத்தி வீக்கம் வரவைத்தால், நல்ல திசுவுக்கும் வீங்கிய திசுவுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே பிராணியில் தெரிந்துவிடும். வீங்கிய இடத்தில் ரத்தக் குழாய் கசிந்து புரதமும் சேர்ந்து வெளியே வருவதால் கணக்கே மாறும். கம்ப்யூட்டர் கணக்குக்கும் முதலில் இந்த எண்கள்தான் தேவை, இல்லாவிட்டால் அது எதை வைத்துக் கணக்குப் போடும்?

கூண்டிலும் குறை உண்டு. குழாய் பெரிதாக இருந்தால் மருந்து மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், உண்மையான தசையில் அப்படி நடக்காது. நாள்பட்டால் உள்ளே சதை வளர்ந்து அடைத்துக்கொள்ளும். அதோடு மருந்து போய்ச் சேர்ந்தால் மட்டும் வேலை முடிந்துவிடாது. ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் சீழுக்குள் போனாலும், அங்கே அமிலத்தன்மை அதிகம், ஆக்சிஜன் குறைவு என்பதால் சரியாக வேலை செய்யாது. சீழ்க் கட்டியைக் கீறிவிடாமல் ஊசி மேல் ஊசி போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

இப்போது நம்ம ஊர் விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கம் பல மருந்துகளை, மாட்டுக்குச் சொன்ன அளவை எடைக்குத் தகுந்தபடி குறைத்துத்தான் ஆட்டுக்குப் போடுகிறோம். வெள்ளாடு பல மருந்துகளை மாட்டைவிட வேகமாக வெளியேற்றிவிடும், அப்படியிருக்க அந்த அளவு எப்படிச் சரியாக இருக்கும்? பொட்டனேரியில் மேச்சேரி செம்மறிக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மேச்சேரி செம்மறியிலும் சேலம் கருப்பு வெள்ளாட்டிலும், 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி அனுமதி வாங்கி, நாம் தினமும் போடும் நாலைந்து மருந்துகளுக்காவது இந்தக் கூண்டுச் சோதனையைச் செய்து, அளவையும் இடைவெளியையும் தமிழில் அச்சடித்து மருந்தகங்களில் ஒட்டினால் என்னைப் போன்றவர்களுக்குப் போதும்.

ஊசி போட்ட ஆட்டை எத்தனை நாள் கழித்துக் கறிக்கு விடலாம் என்பதற்கு மட்டும் கூண்டு உதவாது, அறுத்துத்தான் பார்க்க வேண்டும். ஜென்டாமைசின் கிட்னியில் மாதக் கணக்கில் தங்கும். ஆடு பிழைக்காது என்று தெரிந்ததும் அன்றைக்கே கறிக்கடைக்காரரைக் கூப்பிடுகிறவர்கள் இதையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர்,
ஓமலூர்