மின்சார காரின் ரேஞ்ச் கணக்கு

ஐயா,

மின்சார கார் விளம்பரங்களில் ‘ஒரு சார்ஜில் இத்தனை கிலோமீட்டர்’ என்று பெரிதாகப் போடுகிறார்களே, அந்த எண் எப்படி வருகிறது என்பதை உங்கள் வாகனப் பக்கம் ஒரு தடவையாவது விளக்கமாக எழுத வேண்டும். அது ஆய்வகத்தில் உருளைகள் மேல் காரை ஓடவிட்டு எடுத்த எண். ஐரோப்பாவில் பின்பற்றும் டபிள்யூஎல்டிபி என்ற சோதனை முறையில் அறை வெப்பம் 23 டிகிரி, ஏசி அணைத்திருக்கும், ஒரு சுற்று 30 நிமிடம், சராசரி வேகம் மணிக்கு சுமார் 46 கிலோமீட்டர்தான். நெடுஞ்சாலையில் 110-ல் போகிறவருக்கு இது எப்படிப் பொருந்தும்? வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிவிடும், அப்புறம் குளிர்காலத்தில் ஹீட்டர் வேறு பேட்டரியைத் தின்னும். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏ, ஆய்வக எண்ணைப் பெரும்பாலும் 0.7-ஆல் பெருக்கிக் குறைத்துத்தான் வெளியிடுகிறது. அதனால் ஒரே காருக்கு இரண்டு விதமான ரேஞ்ச் வரும். எந்த முறை என்று சொல்லாமல் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

இன்னொன்று, டேஷ்போர்டு காட்டும் யூனிட் கணக்கு பெரும்பாலும் பேட்டரியிலிருந்து வெளியே போனது மட்டும்தான். சார்ஜ் ஏறும்போது சூடாகி வீணாகும் மின்சாரம் அதில் வராது, ஆனால் மின்சார மீட்டரில் ஏறும், பில் கட்டுவது வாங்கியவர்தான்.

நிறுவனம் தந்த எண்ணை அப்படியே அச்சிடாமல், நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில், ஏசி போட்டு, நீங்களே ஓட்டிப் பார்த்த எண்ணையும் அன்றைக்கு வெளியே எத்தனை டிகிரி என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

– ஒரு வாசகர்