ஓவியம் தீட்டுவது ஷட்டர்தான்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் கார் பந்தயப் புகைப்படங்களைப் பற்றி வந்த கட்டுரைக்குப் படங்களை நன்றாகத் தேர்ந்தெடுத்திருந்தீர்கள். ஆனால் பின்னணி கோடுகோடாக இழுபட்ட படங்களையெல்லாம் 'கணினியில் தீட்டியவை' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார் கட்டுரையாளர். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ழாக் ஆன்ரி லார்த்திக் எடுத்த பழைய பந்தயப் படத்தில் சக்கரம் முட்டை வடிவில் சாய்ந்திருப்பதற்குக் 'காரின் அசுர வேகமே' காரணம் என்றும் எழுதியிருக்கிறார். முதலாவது தவறு, இரண்டாவது பாதிதான் சரி. அந்த மீதிப் பாதி விளங்கினால் முதலாவது தானாக விளங்கிவிடும்.

பிரெஞ்சு கிராண்ட் பிரி பந்தயத்தில் எடுத்த அந்தப் படத்துக்கு 1912 என்றே பெரும்பாலும் ஆண்டு போடுவார்கள். கண்ணாடித் தகட்டில் பதிந்த படம். தகட்டுக்கு முன்னால் ஷட்டராக, அதாவது ஒளியைத் திறந்து மூடும் கதவாக, ஒரு திரை, திரையில் ஒரு பிளவு. பிளவு மேலிருந்து கீழே இறங்க இறங்கத் தகடு பட்டை பட்டையாக ஒளி வாங்கும். ஒவ்வொரு பட்டைக்கும் கிடைக்கும் நேரம் சொற்பம்தான். ஆனால் முதல் பட்டை பதிந்து கடைசிப் பட்டை பதிவதற்குள் கார் நகர்ந்துவிடுகிறது. கேமராவுக்குள் பிம்பம் தலைகீழாக விழுவதால் டயரின் அடி முதலில் பதிகிறது, உச்சி பிந்திப் பதிகிறது. அதற்குள் உச்சி முன்னே போயிருக்கும். சக்கரம் முன்பக்கம் சாய்ந்தது அப்படித்தான். வேடிக்கை பார்ப்பவர்கள் ஏன் எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள்? காரோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பியிருக்கிறார் லார்த்திக், ஆனால் காரின் வேகத்துக்குத் திருப்பவில்லை. சரியாகத் திருப்பியிருந்தால் சக்கரம் வட்டமாகவே இருந்திருக்கும். மனிதர்கள் இன்னும் அதிகம் சாய்ந்திருப்பார்கள். காரின் முன்பாதி ஃபிரேமுக்கு வெளியே போய்விட்டதும் இதே தாமதத்தால்தான்.

இன்றும் பல மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத டிஜிட்டல்) கேமராக்களில் எலக்ட்ரானிக் ஷட்டர், பழைய தகட்டின் இடத்தில் இருக்கும் சென்சாரை வரிவரியாகத்தான் படிக்கிறது. கார் சாய்ந்து பதிவதும் நடக்கிறது. 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III போல, சென்சார் முழுவதையும் ஒரே கணத்தில் பதியும் கேமராவில் லார்த்திக்கின் படத்தை எடுக்கவே முடியாது.

இனி, கோடுகோடாக இழுபடும் பின்னணி. மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் வரும் கார் வினாடிக்கு 50 மீட்டர் ஓடுகிறது. 1/1000 வினாடியில் அது நகர்வது 5 செ.மீ., சக்கரம் திரும்புவது சுமார் எட்டே டிகிரி. படத்தில் கார் நிறுத்தி வைத்ததுபோல இருக்கும். அதே காரை 20 மீட்டர் தள்ளி நின்று, முழு ஃபிரேம் (36 மி.மீ. அகலச் சென்சார்) கேமராவில் 200 மி.மீ. லென்ஸோடு, காரைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பியபடி 1/30 வினாடியில் எடுங்கள். அந்த நேரத்துக்குள் கேமரா ஏறத்தாழ 5 டிகிரி திரும்புகிறது. லென்ஸ் பார்க்கும் அகலமே 10 டிகிரிதான் என்பதால், பின்னணியில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் பாதி ஃபிரேம் நீளத்துக்குக் கோடாகிறது. 1/8 வினாடியில் ஒன்றே முக்கால் ஃபிரேம். விளம்பரப் பலகை, கூட்டத்தின் சட்டை, மரம் எல்லாம் தூரிகை இழுப்பாவது இப்படித்தான். அதனால் நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது காரைவிடக் காருக்குப் பின்னால் என்ன நிறம் இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். சாம்பல் நிறச் சுவரை எவ்வளவு இழுத்தாலும் சாம்பல்தான்.

இப்படி எடுத்துப் பழக, ஷட்டர் வேகத்தை 1/250 வினாடியில் தொடங்கி 1/125, 1/60, 1/30 என்று இறக்குவது நல்லது. படம் எடுக்கப்போகும் இடத்தை நோக்கிப் பாதங்களை ஊன்றிக்கொண்டு, இடுப்பை மட்டும் காரின் பக்கம் முறுக்கி, அங்கிருந்து தொடர வேண்டும். கிளிக் செய்த பிறகும் திருப்புவதை நிறுத்தக் கூடாது. ஃபோகஸ் புள்ளி ஹெல்மெட்டில் இருக்கட்டும். கார் நமக்கு நேர் குறுக்கே வரும் இடத்தில்தான் திருப்பும் வேகம் ஏறாமல் இறங்காமல் இருக்கும். அங்கேதான் அதிகப் படங்கள் தேறும். அங்கும் காரின் மூக்கும் வாலும் ஹெல்மெட்டின் அதே வேகத்தில் ஃபிரேமில் நகர்வதில்லை. 1/15இல் ஹெல்மெட் மட்டும் கூர்மையாக இருந்து மற்றதெல்லாம் கரைவதற்கு அதுவே காரணம். ஃபோகஸ் பிசகு என்று அழித்துவிட வேண்டாம். கோடுகள் கொக்கிபோல் வளைந்திருந்தால் மட்டும் அது கை செய்த தவறு, பட்டனைக் குத்தி அழுத்தியிருக்கிறீர்கள். தொடர் ஷாட்டில் இரண்டாவது, மூன்றாவது ஃபிரேம்களில் இது பெரும்பாலும் சரியாகிவிடும். லென்ஸின் ஸ்டெபிலைசரை மோட் 2இல் வையுங்கள். மோட் 1 பக்கவாட்டுத் திருப்பத்தையும் நடுக்கம் என்று எண்ணித் தடுக்கப் பார்க்கும்.

உச்சி வெயிலில் 1/15 எப்படிக் கிடைக்கும்? ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்வு) 100இலும், அபெர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளை) எஃப் 16இலும் வைத்தாலும் மூன்று ஸ்டாப் வெளிச்சம் மிஞ்சும்; ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு. அபெர்ச்சரை அதற்கு மேல் சுருக்கினால் படம் மழுங்கும், சென்சார் தூசியெல்லாம் கரும்புள்ளியாகத் தெரியும். வெளிச்சத்தை 64இல் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி 64 ஃபில்டர் போட்டால் எஃப் 5.6இலேயே வேலை முடிந்துவிடும். கருமையைத் திருப்பிக் கூட்டிக் குறைக்கும் மலிவான வேரியபிள் என்டியைக் கடைசி வரை திருப்பினால் படத்தின் குறுக்கே எக்ஸ் வடிவக் கருமை விழும்.

எதிரே வரும் காருக்கு ஜூம் இழுப்பு. ஃபார்முலா 1 பந்தயங்களைப் பல பத்தாண்டுகள் எடுத்த ஜெர்மானியர் ரைனர் ஷ்லெகல்மில்ஹ் இதற்குப் பேர்போனவர். 1/15 அல்லது 1/8 வினாடி திறந்திருக்கும்போது ஜூம் வளையத்தை 200 மி.மீ.இலிருந்து 70 மி.மீ. பக்கம் திருப்ப வேண்டும். கார் நெருங்க நெருங்கப் பிம்பம் பெரிதாகும், ஜூம் அதைச் சிறிதாக்கும். இரண்டும் சமமானால் கார் அப்படியே நிற்க, சுற்றியுள்ள உலகம் மட்டும் வெடித்துச் சிதறும். 70இலிருந்து 200க்குத் திருப்பினால் காரும் சேர்ந்து சிதறிவிடும்.

இரவுப் பந்தயத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்ததே, அதுபோன்ற தெருப்பந்தயங்களில் பின்னணி விளக்குகள் சில சமயம் கோடாக இழுபடாமல் விட்டுவிட்டுப் புள்ளிகளாக விழும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கின்றன. 1/25 வினாடிப் படத்தில் ஒரு விளக்குக்கு நான்கு துண்டுகள். எண்ணிப் பார்த்தே ஷட்டர் வேகத்தைச் சொல்லிவிடலாம்.

கணினியில் போட்ட மங்கலைக் கண்டுபிடிப்பதும் எளிது. காரின் உடலுக்கும் சஸ்பென்ஷன் தண்டுகளுக்கும் நடுவே, ஹெல்மெட்டுக்கும், ஓட்டுநரின் தலையைக் காக்கும் ஹேலோ வளைவுக்கும் நடுவே உள்ள சந்துகளைப் பாருங்கள். பின்னணி அங்கே மட்டும் இழுபடாமல் இருந்தால் அது ஒட்டுவேலை. டயரின் எழுத்தைப் படிக்க முடிந்தாலும் அப்படியே. நிஜ இழுப்பில் சூரியன் பட்டு மின்னும் புள்ளி வெள்ளிக் கம்பியாக நீளும். வெள்ளையாகத் தெறித்துப்போன பகுதியின் உண்மையான ஒளி அளவு கோப்பில் இல்லாததால், மென்பொருள் அதை மங்கிய சாம்பல் கோடாகத்தான் இழுக்கும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நீங்கள் அச்சிட்ட ஆறு படங்களில் ஐந்து கேமராவிலேயே எடுத்தவை. நான்காவதில் மட்டும் ரிம்மின் ஆரங்கள் அசையாமல் நிற்கின்றன. கட்டுரையாளர் அதிகம் பாராட்டியிருப்பது அதைத்தான்! இனிப் பந்தயப் படங்களை வெளியிடும்போது ஷட்டர் வேகத்தையும் படத்தின் கீழே அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கோவை