எந்தக் காலம் அப்படி?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த கவ்பாய் படக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். சின்ன வயதில் வாடகைக்கு எடுத்துப் படித்த காமிக்ஸ் எல்லாம் நினைவுக்கு வந்தன. ஆனால் செவ்விந்தியர் வேடத்தில் வெள்ளைக்காரர்கள் நடித்ததைப் பற்றிச் சொல்லிவிட்டு, ‘அந்தக் காலம் அப்படி’ என்று கட்டுரையாளர் கடந்துபோகிறார். எந்தக் காலம்?

1910-இல் பாதே படநிறுவனத்துக்காக ‘ஒயிட் ஃபான்ஸ் டிவோஷன்’ என்ற மௌனப் படத்தை எடுத்த ஜேம்ஸ் யங் டியர், அமெரிக்கப் பழங்குடி வழியில் வந்தவர். படம் பத்து நிமிடத்துச் சொச்சம்தான். வெள்ளைக்காரக் கணவனுக்கு எங்கிருந்தோ சொத்து வருகிறது. இனி நம்மை விட்டுப் போய்விடுவான் என்று பயந்து பழங்குடி மனைவி கத்தியால் குத்திக்கொள்கிறாள். அவன் கையில் கத்தியைப் பார்த்த மகள், அப்பாதான் கொன்றுவிட்டார் என்று ஊரைக் கூட்டிவிடுகிறாள். அப்புறம் ஒரே துரத்தல். கடைசியில் மனைவி பிழைத்துக்கொள்கிறாள். நாடகத்தனமான கதைதான், சரி. ஆனாலும் குதிரையிலிருந்து சுடப்பட்டு விழுவதற்கென்றே வருகிற கூட்டம் இல்லை அது. குடும்பம், பிள்ளை, சந்தேகம் எல்லாம் உள்ள மனிதர்கள்.

யங் டியரின் மனைவி லிலியன் செயின்ட் சிர், நெப்ராஸ்காவில் பிறந்த ஹோ-சங்க் பழங்குடிப் பெண். 1914-இல் ‘தி ஸ்குவா மேன்’ படத்தின் நாயகி அவர்தான். ஹாலிவுட்டில் எடுத்த முதல் முழுநீளப் படம் என்று அதைச் சொல்வார்கள்.

இதற்கெல்லாம் பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான், 1950-இல், நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த வெள்ளைக்கார நடிகர் ஜெஃப் சாண்ட்லர் அப்பாச்சி பழங்குடித் தலைவன் கோச்சீஸாக நடித்து ஆஸ்கர் பரிந்துரை வரை போனார். 1956-இல் ‘தி சர்ச்சர்ஸ்’ படத்தின் கொமாஞ்சி தலைவன் ஜெர்மனியில் பிறந்த ஹென்றி பிராண்டன். முன்பு இருந்ததைப் பிறகு வந்தவர்கள் கைவிட்டிருக்கிறார்கள். அதைப் போய்க் காலத்தின் தலையில் கட்டுவது நியாயமா?

இன்னொரு விடுபடல், கறுப்பின கவ்பாய்கள். டெக்சாஸ்காரர் பில் பிக்கெட் ஓடும் காளையின் மேல் பாய்ந்து, கொம்பைத் திருகி, அதன் உதட்டைப் பல்லால் கடித்துக் கீழே சாய்ப்பாராம். மாட்டை மடக்கும் நாய்களைப் பார்த்துக் கற்ற வித்தை. அவரை வைத்து 1920-களின் தொடக்கத்தில் ‘தி புல்-டாகர்’ என்று ஒரு படமே எடுத்தார்கள். ஓக்லஹோமாவில் கறுப்பினத்தவர் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட போலி (Boley) என்ற ஊரில் படப்பிடிப்பு. இன்று சில துண்டுகளே மிச்சம்.

கட்டுரையின் அடுத்த பகுதியில் பிக்கெட்டுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், திண்டுக்கல்