சாட்சி நேரத்தில் விசாவும் காரும் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் படங்களை வருஷந்தோறும் தவறாமல் போடுகிறீர்கள், பூவும் மெழுகுவர்த்தியுமாக. நல்ல விஷயம். ஆனால் அந்த ஒரு நாள் சாவை நினைத்துவிட்டு மறுநாளே மறந்துவிடுகிற எங்கள் ஜனங்களைப் பற்றி, அதிலும் கிறிஸ்தவ சபைகளில் இப்போது பிடித்து ஆட்டுகிற 'ஆசீர்வாத' மோகத்தைப் பற்றி, சபைக்குள்ளேயே இருக்கிற ஒருவன் எழுதினால் என்ன என்று தோன்றியது.

ஞாயிறு ஆராதனையில், கடவுள் தங்களுக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று சாட்சி சொல்லும் நேரத்தைக் கவனித்தாலே போதும். விசா கிடைத்தது, மாடி எடுத்தோம், கார் வாங்கினோம், பையனுக்குப் படிப்பு முடியும் முன்பே வேலை கிடைத்தது, ஸ்தோத்திரம். சந்தோஷம்தான், நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் "இந்த வருஷமும் என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடத்தை ஏமாற்றாமல் நடத்தப் பெலன் கிடைத்தது" என்றோ, "படுக்கையில் கிடக்கிற மாமியாரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டேன்" என்றோ, "வாங்கிய கடனைச் சொன்ன தேதிக்குத் திருப்பிக் கொடுத்தேன்" என்றோ யாரும் எழுந்து சொல்லி நான் கேட்டதில்லை. அப்படிச் சொன்னால் இது என்ன சாட்சி என்று பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையும் இதே கதைதான். பெருகுவாய், உயர்த்துவேன், தலையாக்குவேன் என்று பொறுக்கியெடுத்த வசனங்கள். "நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்" என்பதும் அதே வேதாகமத்தில்தான் இருக்கிறது, அந்த அட்டை ஒன்று கைக்கு வந்தால் யார் வீட்டு ஷோகேஸில் வைப்பார்கள் சொல்லுங்கள்.

கார் கண்ணாடிகளில் ஒரு வசனம் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்று. வேதாகமத்தில் பிலிப்பி சபைக்கு எழுதிய நிருபம், பிலிப்பியர் 4:13. அப்போஸ்தலர் பவுல் அதைக் காவலில் இருந்துகொண்டு எழுதினார். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து கையில் கொடுத்தனுப்பிய உதவிக்கு நன்றி சொல்லும் இடத்தில் அது வருகிறது. அதற்கு முந்தின இரண்டு வசனத்தையும் சேர்த்துப் படித்தால், தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும், சாப்பாடு இருந்தாலும் பட்டினி கிடந்தாலும் மனரம்மியமாக இருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார். அதற்குத்தான் அந்தப் பெலன். ஸ்டிக்கர் அடிப்பவர் பட்டினியை வெட்டிவிட்டார், நாமும் அதையே காசு கொடுத்து வாங்கி ஒட்டிக்கொண்டு நுழைவுத் தேர்வுக்கும் வியாபாரத்துக்கும் உரிமை கொண்டாடுகிறோம்.

இதே பவுல் கூடாரம் செய்து பிழைத்தவர். தெசலோனிக்கே சபையில் சிலர், கர்த்தர்தான் வரப்போகிறாரே என்றோ என்னவோ, வேலையை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக் கதையைப் பேசிக்கொண்டு திரிந்தபோது, அமைதியாக வேலை செய்து உங்கள் சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள் என்று எழுதினார். வேலை செய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று அவர் சொன்னதும் இந்த ஆட்களை வைத்துத்தான். துக்க வீட்டில் நாங்கள் வாசிக்கிற 90ஆம் சங்கீதமும் அப்படித்தான் போகிறது. எழுபது வருஷம், பெலன் இருந்தால் எண்பது, அதுவும் பறந்துபோகிறது என்று புலம்பிவிட்டு, கடைசியில் எங்கள் கைகளின் வேலையை நிலைப்படுத்தும் என்று இரண்டு தடவை கேட்டு முடிகிறது. ஆயுசைக் கூட்டித் தாரும் என்று கேட்கவில்லை. அடக்க ஆராதனையில் இதைக் கேட்டுவிட்டு, சாயங்காலமே சொத்துப் பங்குக்கு உட்காருகிற குடும்பங்களும் உண்டு, அதைத் தனியாக எழுதினால் பக்கம் போதாது.

நம் ஊரிலேயே ஆள் இல்லாமலா? ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, இங்கே மொழி கற்று, இடையில் சிறையிலும் கிடந்து, 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரைக்கும்தான் வந்தார், 1719-இல் இறந்துவிட்டார், வயது 36. மீதியை வேறொருவர், சூல்ட்ஸ், முடித்தார். இன்றைய கணக்கில் பார்த்தால் பாதியில் போன ஆள். ஆனால் அவரவர் பங்கு என்றால் இதுதான்.

அயர்லாந்து மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர், திருநெல்வேலிச் சீமையில் கிராமம் கிராமமாகப் போய்ப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். 1901 முதல் டோனாவூரில் குழந்தைகள் வந்து சேரச் சேர, அந்தப் பயணங்களையெல்லாம் குறைத்துக்கொண்டு பால் புகட்டவும் குளிப்பாட்டவும் உட்கார்ந்துவிட்டார். இதற்காகவா கடல் தாண்டி வந்தீர்கள் என்று முணுமுணுத்தவர்கள் மிஷனரிகளிலேயே இருந்தார்கள். பிள்ளைக்கு மூக்குத் துடைப்பது அவர்கள் கண்ணுக்கு ஊழியமாகத் தெரியவில்லை. 1931-இல் குழியில் விழுந்து அடிபட்ட பிறகு, 1951-இல் சாகும் வரை பெரும்பாலும் அறையிலேயே கிடந்தார், சொந்த நாட்டுக்குத் திரும்பவேயில்லை. படுக்கையிலிருந்தும் எழுதிக்கொண்டே இருந்தார். தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றும் சொல்லிவைத்தார். இப்போது சிலர் சபைப் பணத்தில் கட்டும் கட்டடத்திலும் கல்வெட்டில் பெயர் வரவேண்டும் என்று நிர்வாகக் குழுக் கூட்டத்தில் சண்டை போடுகிறார்கள், பல சபைகள் சேர்ந்த திருமண்டலத்துக்குத் தேர்தல் வந்தால் கேட்கவே வேண்டாம்.

சரி, இதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்கலாம், போதும் போதும் என்று சொல்லியே ஏழைகளை அடக்கி வைத்தீர்களே, இன்னமும் அதே பாட்டா என்று. நியாயமான கேள்வி. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சாதிச் சுவரைப் பற்றிப் பத்திரிகைகளில் எவ்வளவோ எழுதியாயிற்று. செத்த பிறகும் தலித் கிறிஸ்தவர் அந்தப் பக்கம்தான் என்று சுவர் வைத்துவிட்டு, உள்ளதில் திருப்தியாக இரு என்று அவரிடமே போதிப்பது அநியாயம், அதற்கு வேதத்தில் இடமே இல்லை. போதும் என்ற மனதோடு கூடிய தேவபக்தியைப் பற்றிப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய அதிகாரத்தில், ஐசுவரியவான்களாக விரும்புகிறவர்களுக்குத்தான் எச்சரிக்கை வருகிறது. வயலை அறுத்தவனுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதினார். வேலைக்காரரை மனப்பூர்வமாகச் செய்யச் சொன்ன கொலோசெயர் நிருபம், அடுத்த மூச்சிலேயே எஜமான்களை நீதியாக நடத்தச் சொல்கிறது, உங்களுக்கும் மேலே ஒரு எஜமான் இருக்கிறார் என்று. போதும் என்பதை முதலில் சொல்லிப் பழக வேண்டியவர்கள், தட்டு நிரம்பியவர்கள். கடமையில் மட்டும் நாங்கள் சீக்கிரம் 'போதும்' சொல்லிவிடுகிறோம், வரவில் சொல்வதில்லை.

அதனால் சபைகளுக்கு ஒரு யோசனை, உங்கள் பத்திரிகை வழியாகவே சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 31 ராத்திரி வாக்குத்தத்த அட்டை கொடுப்பதற்கு முன்பு, ஆலய வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளைக்கும், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவருக்கும், சபை நடத்தும் பள்ளிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கும் கடைசியாக எந்த வருஷம் சம்பளம் கூட்டினோம் என்று கணக்குப் புத்தகத்தைப் பார்த்து வாசியுங்கள். அட்டையை அப்புறம் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு சபை உறுப்பினர்,
பாளையங்கோட்டை